வேங்கைப் பலகையில் ஓர் ஆள் நீர்மூழ்கி

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடல் இல்லை, பேர் சொல்லும்படி ஆறும் இல்லை. இருக்கிற ஏரிகளில் பெல்லந்தூர் நுரை பொங்கித் தீயும் பிடித்தது. இந்த ஊரில் உட்கார்ந்து நீர்மூழ்கி செய்கிறவனை வீட்டில் என்னவெல்லாம் சொல்வார்களோ அத்தனையும் கேட்டாகிவிட்டது. அதனால் நேராக வேலைக்கு வருகிறேன்.

எனக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் டூல் ரூம் வேலை. இரும்பு தெரியும், மரம் தெரியாது. மரத்துக்குப் பெரியப்பா இருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து மைசூர் ரோடு டிம்பர் யார்டில் நாற்பது வருடம் ஆசாரி வேலை பார்த்தவர். இப்போது வேலை இல்லை, ஷெட் மட்டும் இருக்கிறது. முதலில் போட்ட படத்தை அவரிடம்தான் காட்டினேன். இரண்டு பேர் உட்காரும் உருளை, 1.1 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளம்.

"என்ன வெயிட்டுடா வரும்?"

"மரம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 350 கிலோ வரும் பெரியப்பா."

"அப்ப மிதக்கும்."

"ஆமா."

"மிதக்கறதுக்கு எதுக்குடா இவ்வளவு பாடு? பரிசல் பண்ணிக்கலாமே."

கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் கணக்கே போட்டிருக்கவில்லை. தண்ணீர் உள்ளே வராமல் எப்படிக் காப்பது என்பதையே மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். அந்த உருளை 1,900 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அது மூழ்க வேண்டுமானால் மொத்த எடை 1,900 கிலோ இருக்க வேண்டும். 350 கிலோவில் பொருளைச் செய்துவிட்டு, மீதி ஒன்றரை டன்னை அதில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

படத்தைக் கிழித்துவிட்டு ஓர் ஆளுக்குச் சுருக்கினேன். வெளிவிட்டம் 80 செ.மீ., நீளம் 1.4 மீட்டர். மேலே 50 செ.மீ. அகலத்தில் 20 செ.மீ. உயரக் கழுத்து, அதன் மேல் அக்ரிலிக் (கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்) குமிழ். எல்லாம் சேர்த்து 760 லிட்டர். மரம், அக்ரிலிக், பேட்டரி, மோட்டார் 190 கிலோ. நான் 68. உள்ளே இரண்டு தண்ணீர்த் தொட்டி, நிரம்பினால் 35. மீதி 467 கிலோவுக்கு இரும்புதான். அதுவும் இரும்பு தண்ணீருக்குள் போனதும் தன் எடையில் ஏழில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆகவே தராசில் 540 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நிற்க வேண்டும். காலை நீட்டினால் முன்சுவர் இடிக்கும் அளவுக்குச் சின்ன வண்டி. அதற்கு அரை டன்னுக்கு மேல் இரும்பு.

ஈயம் வாங்க எனக்குக் கட்டாது. பழைய லிஃப்ட்டைக் கழற்றும்போது வரும் கவுண்டர் வெயிட் கட்டைகள் காயலான் கடையில் எடைக்குக் கிடைத்தன. வார்ப்பிரும்பு, செங்கல் மாதிரி ஒரே அளவு, அடுக்க வசதி. ஷெட் வாசலில் அவை இறங்கிய அன்று பக்கத்துக் கடைக்காரர் நாங்கள் லிஃப்ட் வைக்கப்போகிறோம் என்றே நினைத்தார்.

மரத்தில் நீர்மூழ்கியா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்பமே மரம்தான். 1620-இல் டிரெபெல் தேம்ஸ் நதியில் விட்டது மரச்சட்டத்தின் மேல் தோல் போர்த்தியது. 1775-இல் அமெரிக்காவில் புஷ்னெல் செய்த 'டர்ட்டில்' ஓக் மரப் பலகை, இரும்புப் பட்டை, தார். உள்ளே ஒரே ஆள், கையால் சுற்றும் திருகு, சுமார் அரை மணி நேரத்துக்குக் காற்று. 1859-இல் பார்சிலோனாவில் மொந்துரியோல் இறக்கிய 'இக்தினியோ'வும் மரமே. நான் இறங்கும் மூன்று மீட்டர் ஆழத்துக்கு மரம் தாராளமாகத் தாங்கும். பத்து மீட்டர் தண்ணீர் ஒரு வளிமண்டல அழுத்தம் என்றால், என் ஆழத்துக்கு வருவது சதுர செ.மீ.க்கு 300 கிராம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 80 செ.மீ. வட்டமான முன்சுவர் முழுவதற்கும் பெருக்கினால் ஒன்றரை டன்.

அதனால்தான் உடம்பு உருளை. தட்டையான சுவர் அழுத்தத்தில் வளையும். உருளையில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இறுகும். பெரியப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "பீப்பா" என்றார், முடிந்தது.

பலகைக்கு வேங்கை. கன்னடத்தில் ஹொன்னெ என்பார்கள். நான் தேக்கு கேட்டேன், விலையைச் சொன்னதும் அவர் என்னை வெளியே அழைத்து வந்துவிட்டார். 25 மி.மீ. கனம், 6 செ.மீ. அகலம், மொத்தம் 42 பலகை. ஒவ்வொன்றின் இரண்டு ஓரத்தையும் 4.3 டிகிரி சாய்வாக இழைக்க வேண்டும். கால் டிகிரி தவறினாலும் 84 ஓரத்தில் அது 21 டிகிரி ஆகிவிடும், வட்டம் மூடாது. நான் டிஜிட்டல் கோணமானியோடு நின்றேன். அவர் ஒரு தகரத்தை வெட்டி அச்சு செய்துகொண்டு, இழைப்புளியை நாலு தள்ளு தள்ளிவிட்டு, தகரத்தை வைத்து வெளிச்சம் பார்த்தார். கடைசிப் பலகையை மட்டும் 3 மி.மீ. இழைத்துக் குறைக்க வேண்டிவந்தது. என் கோணமானி அதற்குப் பிறகு உறையிலிருந்து வெளியே வரவில்லை.

உள்வளையங்களும் முன்பின் சுவர்களும் மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை. ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்பார்கள். முத்திரை குத்துவது பெரிய வேலையா? ஒரு துண்டு வெட்டி, வீட்டில் பழைய குண்டானில் எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன். முதல் கடையில் வாங்கியது மதியத்துக்குள் பழைய நோட்டுப் புத்தகம் மாதிரி விரிந்துவிட்டது. இரண்டாவது அப்படியே நின்றது. குண்டான் மட்டும் சமையலறைக்குத் திரும்பவில்லை.

மரத்தை ஒட்டவும் மேலே பூசவும் எபாக்ஸி, இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பசை. அதில் ஒரே ஒரு பாடம் பட்டேன். ஒரு கிலோ ரெசினையும் ஹார்டனரையும் மொத்தமாக மக்கில் கலக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்தபோது மக் உருகிப் புகைந்துகொண்டிருந்தது. கலவை கூட்டமாக இருந்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். கொஞ்சமாகக் கலக்கி, அகலத் தட்டில் ஊற்றி வைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்புறம் ஃபைபர் துணி இரண்டு சுற்று. மழைக்கால ஈரத்தில் காய்ந்த எபாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு நிற்கும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் உரிந்து வரும்.

இனி அக்ரிலிக். அதிகக் காசு இதில்தான் போனது, எல்லாம் என் அவசரத்தால். முன்சுவரில் 40 செ.மீ. துளை, அதன் மேல் 46 செ.மீ. வட்டம், 20 மி.மீ. காஸ்ட் அக்ரிலிக். ஜன்னலை வெளிப்பக்கத்திலிருந்துதான் வைக்க வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அந்தத் துளை அளவுக்குத் தண்ணீர் 250 கிலோ அழுத்துகிறது. அந்த அழுத்தமே கண்ணாடியை ரப்பர் மேல் உட்கார வைத்துவிடும். உள்ளிருந்து வைத்தால் அந்த 250 கிலோவையும் போல்ட்தான் தாங்க வேண்டும்.

இது தெரிந்திருந்தும் பயத்தில் பன்னிரண்டு துளை போட்டு ஸ்குரூவை முறுக்கி ஏற்றினேன். ஷெட்டுக்குத் தகரக் கூரை. மதிய வெயில் ஏறியதும் ஒவ்வொரு துளையிலிருந்தும் மயிரிழை மாதிரி விரிசல் கிளம்பியது. 15 டிகிரி சூடு கூடினால் அந்த வட்டம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் பெருக்கும். மரம் அசையாது. நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்குரூ என்ன செய்யும்?

இரண்டாவது வட்டத்தை லேசரில் வெட்டி வாங்கினேன். ஓரம் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. விரல் ரேகையைத் துடைக்க ஸ்பிரிட் தொட்டேன், அவ்வளவுதான். ஓரம் முழுக்க நகத்தால் கீறியதுபோல நூற்றுக்கணக்கில் நுண்விரிசல். லேசர் சூட்டில் வெட்டிய ஓரத்தில் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் எது பட்டாலும் அது வெடித்துக்கொண்டு வெளியே வரும். மூன்றாவதை ரூட்டரில், அதாவது சுழலும் கத்தியில் வெட்டி, எங்கள் பக்கத்து பவுடர் கோட்டிங் அடுப்பில் கெஞ்சிக் கூத்தாடி 80 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து உள்ளேயே ஆறவிட்டேன். துளையே போடவில்லை. மேலே ஓர் அலுமினிய வளையம் லேசாக அமுக்கிப் பிடிக்கிறது. ஓரத்தில் 2 மி.மீ. இடைவெளி, பெருக்கட்டும் சுருங்கட்டும். துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும்.

மேல் குமிழை, மொட்டை மாடிக்கு ஸ்கைலைட் ஊதித் தருகிறவர்களிடம் வாங்கினேன். 10 மி.மீ. தகட்டைச் சூடாக்கி ஊதும்போது உச்சி மெலிந்துவிடும். 15 செ.மீ. உயரத்துக்கு ஊதியதில் உச்சியில் 6.5 மி.மீ. நின்றது. அரைக்கோளமாகக் கேட்டிருந்தால் சராசரியே 5 மி.மீ. ஆகியிருக்கும். இந்தக் குமிழ்தான் மூடியும். வெளிப்பக்கமாகத் திறக்கும். தாழ்ப்பாளை உள்ளிருந்தும் திருப்பலாம், வெளியிலிருந்தும் திருப்பலாம்.

குளத்துக்குப் போகும் முன் ஷெட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வெளியே தண்ணீர் அழுத்துவதும், உள்ளே காற்றை உறிஞ்சுவதும் உடம்புக்கு ஒன்றுதான். காயலான் கடை ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் குழாயை மாட்டினேன். ஏ.சி. மெக்கானிக் நண்பர் கேஜ் கொடுத்தார். பத்து நிமிடத்தில் முள் 9 அங்குலம் பாதரசம் காட்டியது. அது மூன்று மீட்டர் ஆழத்துக்குச் சமம். மரம் இரண்டு முறை 'டிக்' என்றது. இரண்டு முறையும் பெரியப்பா தவிர எல்லோரும் வெளியே ஓடினோம். பிறகு அவர் சாமி மாடத்திலிருந்து ஊதுபத்தியை எடுத்துவந்து, ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் மெதுவாக நகர்த்தினார். ஒழுகும் இடத்தில் புகை நேராக எழாமல் உள்ளே வளைந்து நுழைந்தது. கழுத்தின் அடியில் இரண்டு இடம். பட்டி வைத்து அடைத்த பிறகு முள் இருபது நிமிடம் அசையவில்லை.

அதை நம்பித்தான் கிளம்பினோம். ஆனேக்கல் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு கிருஷி ஹொண்டா. பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக் குட்டை, மூன்று மீட்டர் ஆழம். டாட்டா ஏஸில் ஏற்றிப் போகும்போது ஒரு போலீஸ்காரர் நிறுத்தி "ஏனப்பா இது?" என்றார். டிரைவர் "நீர் டேங்க் சார்" என்றார். அவர் ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார்.

குட்டைக் கரையில் அடிப்பக்கம் எட்டு போல்ட்டில் இரும்புக் கட்டைகளை மாட்டினோம். துளைகளை அங்கேயே டிரில் போட்டு, ரப்பர் வாஷரும் சீலண்ட்டும் வைத்து முறுக்கினேன். எனக்குப் பதில் மூன்று 20 லிட்டர் தண்ணீர் கேனும் ஓர் இரும்புக் கட்டையும். ஜே.சி.பி. கொக்கியில் தூக்கி இறக்கினோம். தொட்டிகள் நிரம்பியதும் குமிழ் ஒரு முறை மினுங்கிவிட்டு உள்ளே போனது. இரண்டு மணி நேரம் கழித்து மேலே எடுத்துத் திறந்தால், அடியில் மூன்று லிட்டர் தண்ணீர்.

ஜன்னல் ரப்பர்தான் என்று எனக்கு நிச்சயம். கேன் ஒழுகியிருக்கும் என்றான் நண்பன். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனபோது பெரியப்பா ஒரு மக்கில் அந்தத் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெளிர்ப் பழுப்பு, ஓரத்தில் லேசான நீலம்.

"டேய், இது என் டம்ளர் தண்ணிடா."

அவருக்குச் சர்க்கரை. ராத்திரி வேங்கை மர டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார். சர்க்கரை இறங்குகிறதோ இல்லையோ, அந்த நிறம் அவருக்குப் பத்து வருடப் பழக்கம். ஜன்னல் வழியாகவோ கேனிலிருந்தோ வந்திருந்தால் தண்ணீர் வந்த நிறத்திலேயே இருக்கும். இது மரத்துக்குள் புகுந்து வந்தது. எபாக்ஸி மூடாத பச்சை மரம் எங்கே இருக்கிறது? அன்று காலையில் நான் டிரில் போட்ட எட்டுத் துளைகளில்.

போல்ட்டைக் கழற்றினால் அப்படியே இருந்தது. வெற்றிடச் சோதனை செய்தபோது இரும்பும் இல்லை, துளையும் இல்லை. ஜே.சி.பி. தூக்கியபோது மேல் வளையத்துக்கும் அடி இரும்புக்கும் நடுவில் அரை டன்னையும் மரம் இழுபட்டுத் தாங்கியிருக்கிறது. துளை ஓரத்தில் ஃபைபர் வெண்மையாக விரிந்து, சீலண்ட் பிய்ந்திருந்தது. அழுத்தத்துக்குச் செய்த உடம்பில் நான் தூக்குச் சுமையை ஏற்றியிருந்தேன்.

திருத்த ஒரு மாதம். எட்டுத் துளைகளையும் பெரிதாக்கி, வேங்கைக் கட்டையை எபாக்ஸியில் தோய்த்து அடைத்து, மேலே துணி ஒட்டினோம். பிறகு 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளை உருளைக்கு முழு வட்டமாக வளைத்தேன், கழுத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அடியில் இரும்புக் கட்டைகள் பட்டையில் தொங்குகின்றன, மேலே கொக்கி வளையமும் அதே பட்டையில். தூளியில் குழந்தை கிடப்பதுபோல மரம் நடுவில் சும்மா கிடக்கிறது. சுமை இரும்பிலிருந்து இரும்புக்கே போய்விடுகிறது. உடம்பில் இப்போது நாலே துளை. மோட்டார் கேபிள், தொட்டிக்கு உள்வழி, பம்ப்புக்கு வெளிவழி, அவசரக் கட்டையை விடுவிக்கும் கம்பி. நாலிலும் பித்தளை புஷ். அந்த அவசரக் கட்டை 40 கிலோ. கம்பியை உருவினால் கட்டை விழும், 34 கிலோ தூக்குவிசை கிடைக்கும், தொட்டிகள் இரண்டையும் காலி செய்ததற்குச் சமம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. உள்ளே நான் போக மீதி 430 லிட்டர். ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் நாம் விடும் மூச்சே நம்மைப் பிடித்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு கால் லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடுகிறான். ஷெட்டில் மூடியைச் சாத்தி, மனைவி வெளியே தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்க, அறைக்கு வைக்கும் சின்ன கார்பன் டை ஆக்சைடு மீட்டரோடு உட்கார்ந்து பார்த்தேன். ஏழாவது நிமிடம் அது பத்து லட்சத்தில் 5,000 பங்கைத் தொட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அரை சதவீதம், ஆபத்தில்லை. ஆனால் முக்கால் மணி நேரத்தில் மூன்று சதவீதம் ஆகும், தலைவலியும் மூச்சிரைப்பும் அங்கேதான். பயத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் சீக்கிரம். எனவே பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடிகூட இல்லை என்று மனைவியிடம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுபடியும் ஆள் இல்லாமல் இரண்டு மணி நேரம். திறந்தபோது அடித்தளம் காய்ந்திருந்தது. பெரியப்பா விரலால் தடவிப் பார்த்து முகர்ந்தும் பார்த்தார்.

பிறகு நான். கொக்கிக் கயிறு மாட்டியே இருந்தது, நீச்சல் தெரிந்த இரண்டு பேர் தண்ணீரில். தொட்டி காலியாக மிதக்கும்போது கழுத்தில் பத்து செ.மீ. கூட வெளியே நிற்காது. அதனால் ஜே.சி.பி. தூக்கிப் பிடித்திருந்தால் தவிர மூடியைத் திறப்பதில்லை என்பது விதி. வால்வைத் திறந்தேன். தண்ணீர் குமிழின் ஓரத்தில் ஒரு கோடாக ஏறி, தலைக்கு மேல் கூடி மூடியது. வெளிச் சத்தம் முழுக்க நின்றுபோனது. ஜே.சி.பி. எஞ்சின் மட்டும் தொலைவில் மாவு மில் மாதிரி கேட்டது. என்ன தெரிந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பச்சை. ஒரு கை தூரத்துக்குப் பச்சை, அதற்கு அப்பால் கரும்பச்சை. முன் ஜன்னலில் ஒரு தவளை வந்து வயிற்றைக் காட்டி ஒட்டிக்கொண்டு நின்றது. மூச்சு பட்டுக் குமிழ் மூன்றே நிமிடத்தில் பனித்துவிட்டது. துணி எடுத்துப் போக மறந்து சட்டையால் துடைத்தேன். துடைக்கக் குனிந்தபோது வண்டியும் என்னோடு மூக்கைத் தாழ்த்தியது. உடம்பை அசைத்தால் தரை அசைகிறது, பழகப் பத்து முறையாவது இறங்க வேண்டும். மோட்டாரைத் தொடவே இல்லை.

ஆறாவது நிமிடம் பம்ப்பை அடித்தேன். இருபது முறை அடித்ததும் கைப்பிடி இறுகிவிட்டது. குமிழ் மட்டும் மேலே வந்திருந்தது, கழுத்து வரவில்லை. அவசரக் கம்பியில் கை வைத்துவிட்டேன், அதற்குள் கொக்கி இழுத்துவிட்டது. கரையில் கழற்றிப் பார்த்தால் பம்ப் வால்வில் பாசி, திரித்த நூல் மாதிரி. உள்வழிக் குழாய்க்கு ஒரு வலைகூட நான் வைக்கவில்லை. இப்போது ஒரு ஸ்டீல் டீ வடிகட்டி வைத்துக் கட்டியிருக்கிறேன். அதுவும் சமையலறையிலிருந்துதான்.

அடுத்த ஞாயிறு தான் உட்காரப் போவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார். டாக்டரிடம் கேட்டாராம், என்ன கேட்டார் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். எனக்கு இருக்கும் பிரச்சினை வேறு. அவர் 54 கிலோ. என்னைவிட 14 குறைவு. இப்படியே இறக்கினால் மிதந்துகொண்டே இருப்பார். 14 கிலோ இரும்பை உள்ளே வைக்க அவர் காலடியில் இடம் இல்லை. வெளியே பட்டையில் தொங்கவிட்டால் 16 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். காயலான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.